எழுநூறு ரூபாய் மருந்துச்சாலை

நுழையும் முன்

மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே இரும்புக் கம்பியில் தொங்கும் நீர்ப்பையை நீங்கள் கண்டிருப்பீர்கள். குளுக்கோஸ் ஏற்றுவது, டிரிப்ஸ் போடுவது என்று மக்கள் சொல்வது இதனையே. அத்தகைய பைகள் பலவற்றில் இருப்பவை தூய நீரும் உப்பும்தாம். ஒரு லிட்டர் நீருக்கு ஒன்பது கிராம் உப்பு. இத்துணை எளிய பொருளுக்கும் தட்டுப்பாடு வருமோ என்று தோன்றலாம். வந்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் புயல் மழையால் பெருகிய வெள்ளம் ஒரு தொழிற்சாலைக்குள் புகுந்தது. அந்நாட்டு மருத்துவமனைகள் நோயாளிகளுக்கு ஏற்றும் நீர்மங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு அந்த ஓர் ஆலையில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. ஆலை நின்றது. வெள்ளத்தைக் கண்ணாலும் காணாத தொலைதூர ஊர்களில்கூட அறுவை மருத்துவங்கள் தள்ளிவைக்கப்பட்டன.

நோயாளி ஓரிடத்தில் இருக்க, அவருக்கான மருந்து வேறெங்கோ ஓரிடத்தில் மட்டும் செய்யப்படுமானால் என்ன நேரும்? இக்கேள்வி இன்று பிறந்ததன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், கல்கத்தா நகரில் மெலிந்த உடலினரான ஒரு வேதியியல் ஆசிரியரின் மனத்தை இது அலைக்கழித்தது. அவர் வரலாறே இப்பாடம்.

ராருலிச் சிறுவர்

பிரபுல்ல சந்திர ராய் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் வங்காளத்தின் ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் குல்னாப் பகுதியில் உள்ளது. தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். நூல்களைத் தேடிச் சேர்த்த கல்விப் பற்றாளர். தாயார் புவனமோகினி தேவி. பிள்ளைகளின் படிப்பை எண்ணி அக்குடும்பம் 1870-இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. கிழக்கு வங்கத்து நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர் என்பதால், நகரத்துப் பள்ளியில் உடன் பயின்றோர் சிலரின் கேலிக்கு அவர் ஆளானார். ஊர் விட்டு ஊர் சென்று படிக்கும் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இராது.

1874-ஆம் ஆண்டு, பதின்மூன்றாம் அகவையில், கடுமையான சீதபேதி அவரைப் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் அந்நோய் பலரைக் கொன்ற நோய். உடலில் வற்றிப்போன நீரை ஊசி வழியே ஈடுசெய்யும் முறை அன்றைய மருத்துவமனைகளில் வழக்கத்தில் இல்லை. சிறுவர் பிழைத்துக்கொண்டார், ஆயினும் உடல் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. செரிமானக் குறையும் உறக்கமின்மையும் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தன. பள்ளியை விட்டு இரண்டாண்டுக் காலம் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. தந்தையார் சேர்த்துவைத்த நூல்களே அப்போது அவருக்குத் துணை. வகுப்பறையில் கிடைத்திருக்கக் கூடியதைவிடப் பரந்த கல்வியை அந்நோய்ப்படுக்கை அவருக்குத் தந்தது எனலாம்.

பின்னர் அவர் ஈசுவர சந்திர வித்தியாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு வேதியியல் வகுப்பு இல்லாமையால், பிரசிடென்சி கல்லூரிக்குச் சென்று அலெக்சாண்டர் பெட்லரின் பாடங்களைக் கேட்டார். சோதனைகள் அவரை ஈர்த்தன. தோழர் ஒருவருடன் சேர்ந்து தங்குமிடத்திலேயே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். 1882-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார்.

எடின்பரோவை அடுத்துள்ள லீத் துறைமுகத்துக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1832-இல் அவ்வூரில் காலரா பரவியபோது, தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் சாகும் நிலையில் கிடந்தோரின் இரத்தக் குழாய்க்குள் உப்புநீரைச் செலுத்திச் சிலரைப் பிழைக்கச் செய்தார். மருத்துவ உலகமோ அதனைப் பல்லாண்டுகள் கிடப்பில் போட்டுவிட்டது. ராய் அந்நகரில் ஆறாண்டுகள் வாழ்ந்தார். 1887-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். 1888-இல் தாயகம் திரும்பினார்.

ஏற்றுமதி எலும்பும் இறக்குமதிப் புட்டியும்

அயல்நாட்டில் உயர்பட்டம் பெற்று வந்தவருக்கு ஏறத்தாழ ஓராண்டு வேலை கிடைக்கவில்லை. உயர்கல்விப் பணியின் மேல்படிகள் அந்நாளில் ஆங்கிலேயருக்கே உரியனவாக இருந்தன. நண்பர் ஜகதீச சந்திர போசின் இல்லத்தில் தங்கிக் காத்திருந்த பின்னர், 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் ஒரு தற்காலிகப் பணி வாய்த்தது.

வகுப்பில் அவர் கற்பித்த பொருள்களும் கடைத்தெருவில் அவர் கண்ட பொருள்களும் ஒன்றே. விலைச்சீட்டுதான் வேறு. வெடியுப்பு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கப்பலேறியது. மாட்டெலும்பு மூட்டை மூட்டையாகச் சென்றது. திருநெல்வேலிச் சீமையின் நிலாவரை இலையும் எட்டிக்கொட்டையும் ஆங்கில மருந்துச்சாலைகளுக்குச் சென்றன. அவையே அமிலங்களாகவும் உப்புகளாகவும் மருந்துச்சாறுகளாகவும் உருமாறி, அழகிய சீட்டு ஒட்டிய புட்டிகளில் திரும்பி வந்தன. போகும் கூலி, வரும் கூலி, காப்பீடு, முகவரின் பங்கு, வணிகரின் ஆதாயம் ஆகிய யாவும் அப்புட்டியின் விலையில் அடங்கின. விலையைக் கொடுக்க இயலாதவனுக்கு மருந்து இல்லை; கப்பல் தாமதமானால் விலை கொடுக்க வல்லவனுக்கும் இல்லை.

இந்நிலைமையைக் குறித்துக் கூட்டங்களில் முழங்கியோர் பலர் இருந்தனர். ராய் ஒரு வாடகை வீட்டின் மாடியில் எலும்புகளை உலர்த்தினார்.

1892-ஆம் ஆண்டு, அப்பர் சர்க்குலர் சாலை 91-ஆம் எண் வீட்டில், ஏறத்தாழ 700 ரூபாய் முதலீட்டில் வங்காள வேதிப்பொருள் மற்றும் மருந்துச்சாலை தொடங்கப்பெற்றது. அந்த 700 ரூபாயும் எளிதில் மிஞ்சிய பணமன்று. தந்தையார் பட்ட கடனைத் தீர்க்கும் பொறுப்பும் அந்த 250 ரூபாய் ஊதியத்தின்மேலேயே இருந்தது. கல்லூரி முடிந்ததும் மாலையில் ராய் மேலங்கியைக் கழற்றிவிட்டு அடுப்பருகே நிற்பார். இரவில் கணக்கு எழுதுவார்.

எலும்பிலிருந்து பாஸ்பேட் உப்புகளைச் செய்வது முதல் முயற்சிகளுள் ஒன்று. கசாப்புக் கடைகளிலிருந்து பச்சை எலும்புகள் வாங்கப்பட்டு மாடியில் பரப்பப்பட்டன. அது சனவரி மாதம். வெயில் காய வேண்டிய பருவத்தில் எதிர்பாராமல் மழை விடாது பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழுத்தது. காக்கைகள் கூட்டமாக வந்து இறங்கின. அவை எலும்புத் துண்டுகளையும் புழுக்களையும் அக்கம்பக்கத்து மாடிகளில் இறைத்தன. அண்டை வீட்டாரின் சினத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. நகராட்சியிடம் முறையிடப் போவதாக அவர்கள் அச்சுறுத்தியதும், எலும்புகளை நகருக்கு வெளியே ஓரிடத்துக்கு அகற்ற நேர்ந்தது. அங்கு எலும்பு சுட்டெரிக்கப்பட்டுச் சாம்பலாயிற்று. சாம்பல் கந்தக அமிலத்துடன் சேர்ந்து மருந்தாயிற்று. இந்தியாவின் முதல் மருந்து உற்பத்தி நிறுவனத்தின் வரலாறு இவ்வாறு ஒரு தெருச் சண்டையின் விளிம்பிலிருந்து தொடங்குகிறது.

மருந்தைச் செய்வதைக் காட்டிலும் விற்பதே கடினமாயிற்று. பொருள் தரமானதுதான் என்று ஒப்புக்கொண்ட கடைக்காரர்களும், உள்நாட்டுச் சீட்டு ஒட்டிய புட்டியை வாங்குவார் யார் என்று தயங்கினர். அயல்நாட்டுப் பெயர் தானே விற்றுக்கொள்ளும்; உள்ளூர்ப் பெயருக்கு ஒருவர் வாய் நோகப் பேசவேண்டும். அவ்வாறு பேச முன்வந்தவர் அமுல்ய சரண் போஸ் என்னும் மருத்துவர். தாமே அம்மருந்துகளை எழுதிக் கொடுத்தார்; ராதா கோவிந்த கர், நீலரத்தன் சர்க்கார் முதலிய புகழ்பெற்ற மருத்துவர்களையும் எழுதச் செய்தார். ஆங்கில மருந்துநூல் கூறும் மருந்துகளோடு, நாட்டு மூலிகைகளின் சாறுகளையும் அளவு குறித்துத் தரப்படுத்தி விற்கலாம் என்னும் எண்ணமும் வலுப்பெற்றது. இருமலுக்கு ஆடாதோடைப் பாகு, வயிற்றுக்கு ஓமநீர், காய்ச்சலுக்கு நிலவேம்புச் சாறு ஆகியன புட்டிகளில் வெளிவந்தன. பாட்டி கொடுத்தால் கைமருந்தாகவும், ஆய்வுக்கூடம் அளந்து கொடுத்தால் மருந்தாகவும் மதிக்கப்படும் உலகில் அது துணிவான செயலே.

தொடக்க ஆண்டுகளிலேயே பேரிழப்புகள் நேர்ந்தன. வேதியியல் பயின்று மருந்துச்சாலையில் இணைந்த சதீஷ் சந்திர சிங்கா என்னும் இளைஞர், ஆய்வுக்கூடத்தில் கொடிய நஞ்சாகிய ஹைட்ரோசயானிக் அமிலத்தால் எதிர்பாரா வகையில் உயிரிழந்தார். 1898-இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது அந்நோய் அமுல்ய சரணையும் கொண்டுசென்றது. நிறுவனத்தைத் தாங்கிய இரு தூண்களும் சாய்ந்தன. ராய் மூடிவிட்டிருக்கலாம், மூடியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் மீண்டும் கணக்கேட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். 1901-இல் அது 2 இலட்ச ரூபாய் மூலதனம் கொண்ட கூட்டுப்பங்கு நிறுவனமாயிற்று. 1905-இல் மாணிக்தலாவில் பெரிய ஆலை எழுந்தது. அந்நிறுவனத்தை நெடுங்காலம் நிருவகித்த ராஜசேகர் பாசு, வங்க மொழியின் சிறந்த நகைச்சுவை எழுத்தாளரும் அகராதி தொகுத்தவரும் ஆவார். அமிலமும் அகராதியும் ஒரே மேசையில் இருந்தன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இவற்றினிடையே ராய் ஆய்வையும் கைவிடவில்லை. மெர்க்குரஸ் நைட்ரைட்டு என்னும் சேர்மத்தைப் பற்றி 1896-இல் அவர் வெளியிட்ட கட்டுரை உலக அறிஞரின் கவனத்தைப் பெற்றது. பண்டைய இந்தியரின் வேதியியல் அறிவைக் குறித்து இரு தொகுதிகள் எழுதினார். மேகநாத சாகா, சத்தியேந்திர நாத் போஸ் முதலியோர் அவரிடம் பயின்ற மாணவர்கள்.

கப்பல் வாராத ஆண்டுகள்

லீத் துறைமுகத்தில் கைவிடப்பட்ட உப்புநீர் மருத்துவம், 1908-ஆம் ஆண்டை ஒட்டிக் கல்கத்தாவிலேயே மறுபிறவி எடுத்தது. அந்நகரின் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய லெனார்டு ராஜர்ஸ், காலரா நோயாளிகளுக்குச் செறிவு மிகுந்த உப்புநீரை இரத்தக் குழாய் வழியே செலுத்தினார். அதுவரை நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேர் இறந்த இடத்தில், இறப்போர் எண்ணிக்கை ஏறத்தாழ முப்பதாகக் குறைந்தது. உப்பும் நீரும் எங்கும் உண்டு. எனினும் இரத்தத்தில் கலக்கத்தக்க தூய்மையோடு, அளவு தவறாமல், நாள்தோறும் கிடைக்கச் செய்வதற்கு ஆலையும் ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். எளிய பொருளுக்கும் தட்டுப்பாடு வருவதன் காரணம் இதுவே. ஓர் ஆலை நின்றால் மற்றோர் ஆலையை ஒரே வாரத்தில் எழுப்ப இயலாது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. செருமனியிலிருந்து வந்துகொண்டிருந்த சாயங்களும் மருந்துகளும் அறவே நின்றன. இங்கிலாந்தின் ஆலைகள் தம் படைகளுக்கே மருந்து போதாமல் தவித்தன. இந்தியக் கடைகளில் விலை ஏறியது. பல பொருள்கள் எவ்விலைக்கும் கிடைக்கவில்லை. அதுவரை உள்ளூர்ச் சரக்கை ஏறிட்டும் பாராத அரசு அலுவலகங்கள் மாணிக்தலாவின் கதவைத் தட்டின. அங்கே அமிலங்கள் செய்யப்பட்டன. தீயணைப்புக் கருவிகள் செய்யப்பட்டன. தேயிலைத் தோட்டங்களில் வீணாகக் கழித்த தூளிலிருந்து கஃபீன் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் நட்டத்தையும் ஏளனத்தையும் பொறுத்து ஓர் ஆலையை உயிரோடு வைத்திருந்ததன் பயன் அப்போது விளங்கியது. போர் தொடங்கிய பின் தொடங்கியிருந்தால் காலம் கடந்திருக்கும்.

போர் முடிந்ததும் கப்பல்கள் திரும்பின. மலிவான இறக்குமதி மருந்துகள் சந்தையில் குவிந்தன. போர்க்காலப் பாடத்தைக் கடைத்தெரு விரைவில் மறந்தது. வந்து குவிந்தவற்றில் போலியும் தரக்குறைவும் மிகுந்தன. இதனை ஆராய அரசு 1930-இல் ஆர். என். சோப்ரா தலைமையில் ஒரு குழுவை அமைக்க நேர்ந்தது. ராயின் நிறுவனமோ ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. 1920-இல் பானிஹாட்டியிலும் 1938-இல் பம்பாயிலும் அதன் ஆலைகள் தோன்றின. இதில் நுட்பமான ஒன்று உண்டு. வட கரோலினாவில் வெள்ளம் புகுந்த ஆலை அயல்நாட்டில் இருந்ததன்று, அந்நாட்டினுள்ளேயே இருந்தது. ஆகவே பொருள் சொந்த மண்ணில் செய்யப்படுவது மட்டும் போதாது. ஒன்று நின்றால் மற்றொன்று இயங்குமாறு பல இடங்களில், பல கைகளில் அது செய்யப்படவேண்டும். சுதேசி என்னும் சொல்லைக் கேட்டதும் முதற்பகுதியை மட்டும் நினைப்போரே மிகுதி.

ஓர் அறை

1916-இல் ராய் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். திருமணம் செய்துகொள்ளாத அவர், அக்கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். அறுபது வயது நிறைந்த பின்னர்த் தமக்குரிய ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். 1922-இல் வட வங்காளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவந்து நிவாரணக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அரிசியும் துணியும் மருந்தும் அவர் மாணவர்களின் தோள்களில் ஏறி ஊர்களுக்குச் சென்றன.

அவருடைய இறுதி ஆண்டுகளில் பழைய கேள்வி புதிய உருவில் வந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று முதன்மையான மருந்து கொயினா. சின்கோனா மரப்பட்டையிலிருந்து அது கிடைக்கிறது. உலகுக்கு வேண்டிய பட்டையில் பத்தில் ஒன்பது பங்கு சாவகத் தீவிலேயே விளைந்தது. அதன் வணிகம் ஆம்ஸ்டர்டாமில் இயங்கிய ஒரு கூட்டமைப்பின் பிடியில் இருந்தது. இந்தியாவிலும் டார்ஜிலிங் மலையில் மங்பூவிலும், நம் நீலகிரியில் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்களும் கொயினா ஆலைகளும் இருந்தன. அவை நாட்டுத் தேவையின் ஒரு பகுதியை மட்டுமே நிறைவு செய்தன. மலிவாகக் கிடைக்கும்போது ஏன் நடவேண்டும் என்று இருந்துவிட்டனர். சின்கோனா மரம் பட்டை தரப் பல ஆண்டுகள் ஆகும்.

1942 மார்ச் மாதம் சப்பானியப் படை சாவகத்தைக் கைப்பற்றியது. கொயினாவின் பெருவழி ஒரே நாளில் அடைபட்டது போலாயிற்று. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பெரும்பஞ்சம். பட்டினியால் நலிந்த உடல்களை மலேரியாவும் காலராவும் எளிதில் வென்றன. கொயினா கள்ளச் சந்தைக்குச் சென்றது. சிற்றூர் மருத்துவமனைகளில் அது இல்லை. அப்பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோய்களிலும் இறந்தோர் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பங்கினரைக் கொன்றது நோயே.

எண்பதைக் கடந்த ராய் அப்போது அறிவியல் கல்லூரி அறையில், ஒரு கட்டிலும் சில நூல்களும் சூழப் படுத்திருந்தார். 1944-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் அவ்வறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் தொடங்கிய நிறுவனத்தை நடுவண் அரசு 1977-இல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மாணிக்தலாவில் அது இன்றும் உள்ளது.

பயிற்சி

1. மாடியில் எலும்பு உலர்த்திய நிகழ்ச்சியை அண்டை வீட்டார் ஒருவர் நகராட்சிக்கு எழுதும் முறையீட்டுக் கடிதமாக எழுதுக.
2. ஆடாதோடை, ஓமம், நிலவேம்பு ஆகியவற்றுக்கு நீங்கள் வாழும் ஊரின் மொழியில் என்ன பெயர்? வீட்டிலும் கடையிலும் கேட்டு எழுதுக.
3. சின்கோனாத் தோட்டங்களை நாடெங்கும் விரிவாக்கவேண்டும் என்று 1930-இல் ஒருவர் சொல்கிறார்; வீண்செலவு என்று மற்றொருவர் மறுக்கிறார். இருவர் உரையாடலையும் பத்து வரிகளில் அமைக்க.